ஆறு வருஷமும் அறுபது வருஷமும்

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ என்பது ஒரு பெரிய தொழிற்பட்டணம். அதன் ஒரு பகுதியாகிய கோவன் என்னும் பேட்டை, கிளைடு ஆற்றின் தென்கரையில் கப்பல் கட்டும் தொழிலாளிகள் நெருக்கியடித்துக் கொண்டு குடியிருந்த இடம். அந்தக் கோவனில் 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி, உலகப் பெண்கள் தினத்தன்று, மேரி பார்பர் என்கின்ற அம்மையாருக்கு ஒரு வெண்கலச் சிலை திறந்து வைக்கப்பட்டது. இந்த அம்மையார் ராணியல்ல. பிரபு வீட்டுச் சீமாட்டியல்ல. பெரிய மனிதர் ஒருவருடைய பெண்டாட்டி என்கின்ற முறையில் பெயரெடுத்தவருமல்ல. கம்பளம் நெய்து பிழைத்த ஒரு தொழிலாளியின் மகள். கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. 1875-ல் பிறந்து 1958-ல் இறந்தார். சிலை வந்தது 2018-ல். ஆக, நடுவில் அறுபது வருஷம்.

அதே கோவனில், நடந்து போகிற தூரத்தில், இன்னொரு சிலை இருக்கின்றது. அது சர் வில்லியம் பியர்ஸ் என்பவருடையது. அவர் பேர்பீல்டு என்னும் பெரிய கப்பல் பட்டறையின் முதலாளி. 1885-ல் கோவனுக்கென்று தனித் தொகுதி ஏற்பட்டபோது அதன் முதல் பார்லிமெண்டு மெம்பரும் அவரே. 1888-ல் இறந்தார், 1894-ல் அவருக்குச் சிலை வந்துவிட்டது. நடுவில் ஆறே வருஷம்.

முதலாளிக்கு ஆறு வருஷம்; தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அறுபது வருஷம். இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் இன்று கேட்கப் புகும் கேள்வி. கோவன் என்ன, வேறு எந்த ஊரில் போய்க் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்று பெண்கள்

2018-க்கு முன் கிளாஸ்கோ பட்டணத்தில் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய பெண்களுக்கு இருந்த சிலைகள் மூன்றே மூன்று. அதைப் பட்டணத்தாரே வெட்கத்துடன் எண்ணிச் சொன்னார்கள். முதலாவது, விக்டோரியா மகாராணி. குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர். இரண்டாவது, இசபெல்லா எல்டர் அம்மையார். பேர்பீல்டு பட்டறையின் பழைய முதலாளி ஜான் எல்டரின் மனைவி. மூன்றாவது, ஸ்பெயின் தேசத்துப் பொதுவுடைமைத் தலைவி டோலோரஸ் இபாருரி. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் கலந்துகொள்ளப் போன தொண்டர்களின் நினைவாக வைக்கப்பட்டது.

இசபெல்லா எல்டர் செய்த நன்மைகளை நாம் குறைத்துப் பேச வரவில்லை. கோவன் ஜனங்களுக்குப் பெரிய பூங்காவும் நூல் நிலையமும் கொடுத்தார். பெண்கள் காலேஜ் படிப்புப் படிப்பதற்கு ஒரு கட்டிடத்தையே வாங்கிக் கொடுத்தார். பணம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரைப் போல் செய்தால் உலகம் கொஞ்சம் பிழைக்கும். ஆனால் அவர் 1905-ல் இறந்தார். 1906-லேயே சிலை வந்துவிட்டது. ஒரே வருஷம்!

ஆகவே, தோழர்களே, இதைப் பெண்ணென்பதால் மட்டும் வந்த தாமதம் என்று சொல்லிவிட முடியாது. ஏழையென்பதால் மட்டும் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பெண்ணாயிருந்தும் பணமிருந்தால் ஒரு வருஷத்தில் சிலை வருகின்றது. அரசியாயிருந்தால் உயிரோடிருக்கும் போதே வருகின்றது. அயல் தேசத்துக்காரியாயிருந்தால்கூட வருகின்றது. உள்ளூரில் குடியிருந்து, உள்ளூர் வீட்டுக்காரர்களையும் உள்ளூர்க் கோர்ட்டையும் எதிர்த்து நின்று, ஜெயித்தும் காட்டிய ஏழைப் பெண்ணுக்கு மாத்திரம் அறுபது வருஷம் ஆகின்றது. கொடுத்தவளுக்குச் சிலை உடனே வரும். கேட்டு வாங்கியவளுக்கு வராது. தர்மம் செய்கிறவர்களைப் புகழ்வதால் பணக்காரனுக்கு நஷ்டம் இல்லை. உரிமை கேட்டவர்களைப் புகழ்ந்தாலோ நாளைக்கு இன்னும் நாலு பேர் கேட்க வந்துவிடுவார்கள். இரகசியம் இவ்வளவுதான்.

என்ன செய்தார் இந்த அம்மையார்?

1914-ல் ஐரோப்பிய மகாயுத்தம் தொடங்கிற்று. கிளைடு நதிக்கரைப் பட்டறைகளில் யுத்தக் கப்பலும் வெடிமருந்துச் சாமான்களும் இரவு பகலாகச் செய்யப்பட்டன. வேலை தேடி ஆயிரக்கணக்கான ஜனங்கள் கிளாஸ்கோவுக்கு வந்து குவிந்தார்கள். புது வீடு கட்டும் வேலையோ நின்றுவிட்டது. இருந்த வீடுகளும் ஒண்டுக்குடித்தன வீடுகள். பல அடுக்கு மாடிகளில், ஒரே படிக்கட்டை நம்பிப் பல குடும்பங்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை இரண்டு அறை என்று அடைந்து கிடந்தன. இந்தச் சமயத்தில் வீட்டுக்காரர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? ஊரே யுத்தத்தில் கஷ்டப்படுகின்றதே என்று இரக்கம் தோன்றியிருக்குமா? குடிக்கூலியை உயர்த்த இதைவிட நல்ல காலம் வராது என்று தோன்றிற்று. 1915-ல் சில இடங்களில் 25 சதவீதம் வரை உயர்த்தினார்கள்.

ஆண்களில் பலர் பட்டாளத்தில், மற்றவர்கள் பட்டறையில். வீட்டில் இருந்தவர்கள் பெண்கள். "இவர்கள் என்ன செய்துவிடுவார்கள்?" என்பதுதான் வீட்டுக்காரர்களுடைய கணக்கு. கணக்கு தப்பிற்று.

கோவனில் பெண்கள் சங்கம் கூடிற்று. மேரி பார்பர் அதன் முன்னணியில் நின்றார். பழைய வாடகையைத் தருவோம், உயர்த்திய காசைத் தரமாட்டோம் என்று முடிவு செய்தார்கள். "வாடகை நிறுத்தம், நாங்கள் காலி செய்யப் போவதில்லை" என்கின்ற கருத்தில் அச்சடித்த அட்டைகளை ஜன்னல் தோறும் வைத்தார்கள். அதன் பின் வீட்டுக்காரர்கள் கோர்ட்டு உத்தரவு வாங்கிக்கொண்டு அமீனாக்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

இங்கேதான் பெண்களின் மூளை வேலை செய்தது. அமீனா வருவது பகல் நேரத்தில். ஆண்கள் பட்டறையில் இருக்கும் நேரத்தில். ஆகவே ஒவ்வொரு கட்டிடத்து வாசலிலும் ஒரு பெண் கையில் மணியோடு காவல் உட்கார்ந்தாள். அமீனாவின் தலை தெரிந்ததும் மணி அடிக்கும். அடுப்பில் சட்டி வைத்தவள் அதை இறக்கிவிட்டு வருவாள். துணி துவைத்துக் கொண்டிருந்தவள் ஈரத் துணியோடு வருவாள். மாவு பிசைந்து கொண்டிருந்தவள் மாவோடு வருவாள். குறுகலான படிக்கட்டு முழுவதும் பெண்கள். மேலே ஏறுவதற்கு அமீனாவுக்கு இடம் ஏது? மாவுப் பொட்டலங்கள் தலையில் விழ, வெள்ளை பூசிய முகத்துடன் வந்த வழியே திரும்புவான். கத்தியில்லை, துப்பாக்கியில்லை. சமையலறையில் இருந்ததே அவர்களுக்கு ஆயுதம். இந்தக் கூட்டத்துக்கு "பார்பர் அம்மாள் பட்டாளம்" என்று ஊரார் பெயரிட்டார்கள்.

கோவனில் வீட்டுக்காரரின் ஏஜெண்டு ஒருவன் வேறொரு தந்திரம் செய்தான். மற்றவர்களெல்லாம் உயர்த்திய வாடகையைக் கட்டிவிட்டார்கள் என்று பொய் சொல்லிப் பெண்களிடம் பணத்தை வசூலித்துக் கொண்டான். பார்பர் அம்மையார் பட்டறைத் தொழிலாளிகளைத் திரட்டிக்கொண்டு அவன் முன் போய் நின்றார். கரி படிந்த முகங்கள் திரளாக நிற்பதைக் கண்டதும் ஏஜெண்டு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் போராட்டத்தில் அவருடன் நின்ற ஹெலன் கிராபர்டு அம்மையார் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் உள்ள செய்தி இது. நியாயம் என்பது ஏஜெண்டுக்கு முன்னமே தெரியாததா? தெரியும். தனியாக வந்து கேட்டவளிடம் அது அவனுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. கூட்டமாக வந்து கேட்டதும் வந்துவிட்டது.

கிளர்ச்சி கோவனிலிருந்து மற்றப் பேட்டைகளுக்கும் பரவிற்று. ஷெட்டில்ஸ்டன் என்னும் இடத்தில், யுத்தத்தில் காயம் பட்டுக் கிடந்த ஒரு சிப்பாயின் குடும்பத்தைச் சொற்ப வாடகைப் பாக்கிக்காகத் தெருவில் தள்ளப் பார்த்தார்கள். அண்டை அயலார் திரண்டு அதைத் தடுத்தார்கள். தேசத்துக்காகச் சாகப் போ என்று அனுப்புகிறவர்களும் தேசபக்தர்கள்தான். போனவனுடைய பெண்டு பிள்ளைகளை வெளியே தள்ளுகிறவர்களும் தேசபக்தர்கள்தான்! 1915 நவம்பருக்குள் ஏறக்குறைய 20,000 குடித்தனங்கள் வாடகை நிறுத்தத்தில் சேர்ந்துவிட்டன.

நவம்பர் 17-ந் தேதி, பதினெட்டுக் குடித்தனக்காரர்கள் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். அன்று பட்டறைத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டுப் பெண்களோடு சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கான ஜனங்கள் கோர்ட்டு வாசலை நிறைத்தார்கள். யுத்தத் தளவாட மந்திரி லாயிட் ஜார்ஜுக்குச் செய்தி பறந்தது. வழக்குகள் கைவிடப்பட்டன. டிசம்பர் 23-ந் தேதி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிவிட்டது. சிறிய வீடுகளின் வாடகையை யுத்தத்துக்கு முன்னிருந்த அளவுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது அதன் சாரம். கோர்ட்டு வாசலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 36 நாள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 1915-ல் பிரிட்டனில் எந்தப் பெண்ணுக்கும் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. 1918-ல்தான் 30 வயதுக்கு மேற்பட்ட ஒரு சில பெண்களுக்குக் கிடைத்தது. ஆணுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். ஓட்டே இல்லாதவர்கள், ஓட்டு வாங்கிப் போனவர்களை ஒரு சட்டம் செய்ய வைத்தார்கள்.

நிற்க, ஆட்சேபணைகள்

முதலாவது ஆட்சேபணை: "சட்டம் சர்க்காருடைய கருணையால் வந்தது, மாவு வீசிய பெண்களால் வந்ததல்ல" என்பது. இந்தக் கருணை 1915-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி எங்கே போயிருந்தது? அதற்கு முன் பல மாதங்களாக ஏழைகள் கொடுமைப்படுவது மந்திரிகளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டிருந்தார்கள். கமிட்டி போடுவது எதற்கென்று நமக்குத் தெரியாததல்ல. பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றவுடன் கருணை ஊற்றெடுத்துவிட்டது. கருணைக்குக் காரணம் கண்ணீரல்ல, நின்றுபோன வேலைதான் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

இரண்டாவது ஆட்சேபணை: "பெண்ணுக்கு வீடுதான் இடம், அரசியல் எதற்கு?" என்பது. நல்லது. அந்த வீட்டைத்தான் அவர்கள் காப்பாற்றினார்கள். பெண்ணுக்கு வீடுதான் உலகம் என்று போதிக்கிறவர்கள், அந்த வீட்டின் வாடகையை உயர்த்தும்போதும், அந்த வீட்டுப் பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்யும்போதும் எங்கே ஒளிந்துகொள்கிறார்கள்? அடுப்பங்கரை பெண்ணுக்கென்றால் அடுப்பங்கரைக்கு வருகின்ற அரிசி விலையும் வாடகையும் வரியும் பெண்ணுடைய காரியந்தானே! பார்பர் அம்மையார் இதைப் புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதைச் செய்தும் காட்டினார். 1916-ல் யுத்தம் வேண்டாம் என்று பெண்களைத் திரட்டும் சமாதான இயக்கத்தை ஹெலன் கிராபர்டு, ஆக்னஸ் டாலன் ஆகிய அம்மைமார்களோடு தொடங்கினார். ஊரெல்லாம் யுத்த வெறி பிடித்திருந்த காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1920-ல் தொழிற் கட்சியின் சார்பில் கிளாஸ்கோ நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் நுழைந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். அவரைத் தேர்ந்தெடுத்த வட்டத்தின் பெயர் பேர்பீல்டு. முதலாளி பியர்சினுடைய பட்டறையின் பெயரேதான்! பிறகு 1924-ல் பெய்லி என்னும் நகர நீதிபதிப் பதவியும் வந்தது. அமீனாவை விரட்டியவர் நியாயஸ்தலத்தில் உட்கார்ந்தார்.

பதவி வந்ததும் மாலைக்கும் மரியாதைக்கும் அலையவில்லை. பொதுக் குளிப்பறைகள், துணி துவைக்கும் பொதுக் கூடங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால், தாய் சேய் நல நிலையங்கள், பிள்ளைகள் விளையாட இடம் என்று ஏழை வீட்டுக்கு எது எது இல்லையோ அதையெல்லாம் கேட்டார். 1920-களின் நடுவில் கிளாஸ்கோவின் முதல் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையம் கோவனில் ஏற்பட்டபோது அதற்கு முன்னின்றவர்களில் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே பாதிரிகளும் பத்திரிகைகளும் சீறி விழுவார்கள். எத்தனை பிள்ளை பெறுவதென்பதைப் பெறுகிறவள் தீர்மானிக்கட்டும் என்பது வாடகையைக் கொடுக்கிறவள் கேள்வி கேட்கட்டும் என்பதின் தொடர்ச்சிதானே தவிர வேறல்ல. முதலில் வீட்டுக்கு எஜமானி, பிறகு தன் உடம்புக்கு எஜமானி.

மூன்றாவது ஆட்சேபணை, நம்முடைய பக்கத்திலிருந்தே வருவது: "பகுத்தறிவுக்காரர்கள் சிலையைப் புகழலாமா? கல்லை வணங்காதே என்று சொல்லிவிட்டு வெண்கலத்துக்குத் திறப்பு விழாவா?" என்பது. இதற்கு நேராகவே பதில் சொல்லுவோம்.

கோயிலில் இருக்கிற விக்கிரகத்துக்குப் பிறந்த தேதி உண்டா? அது செய்ததாகச் சொல்லும் காரியத்துக்குச் சாட்சி உண்டா? அது பசிக்கிறதென்று சோறு கேட்கும்; நடுவில் ஒரு தரகன் நிற்பான்; நீ தொட்டால் தீட்டென்பான்; ஏன் என்று கேட்டால் பாபமென்பான். கோவன் சிலைக்கு இவற்றில் எது உண்டு? பிறந்த வருஷம் 1875, இறந்த வருஷம் 1958. செய்த காரியத்துக்குக் கோர்ட்டுக் காகிதமும் சட்டப் புஸ்தகமும் சாட்சி. அதற்குச் சோறு வேண்டாம், தரகு வேண்டாம், யாரும் தொடலாம். அந்த அம்மையார் செய்தது தப்பென்று நினைக்கிறவன் எதிரே நின்று சொல்லிவிட்டுப் போகலாம், கண் குருடாகிவிடாது. கேள்வி கேட்காதே என்று நிற்பது விக்கிரகம். கேள்வி கேட்கச் சொல்லி நிற்பது சிலை. வித்தியாசம் இவ்வளவு இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். நமது கிராமங்களில் மாட்டைக் காக்கவும் ஊரைக் காக்கவும் சண்டையிட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். அவன் பெயரும் செய்கையும் தெரிந்திருந்த வரையில் அது ஞாபகக் கல். பெயர் மறந்ததும் மஞ்சளும் குங்குமமும் பூசிப் பொங்கல் வைத்துச் சாமியாக்கிவிட்டார்கள். செய்தவன் போனான், கல் நின்றது, பூசாரி வந்தான். பெண்ணுக்கு நமது நாட்டார் நட்ட கல்லோ இன்னும் கேவலம். புருஷன் செத்ததும் அவனோடு நெருப்பில் விழுந்தவளுக்குச் சதிக்கல்! உயிரோடிருந்து எதையும் செய்ததற்காக அல்ல; உயிரை விட்டதற்காக. கோவன் பெண்கள் வைத்ததோ நெருப்பில் விழுந்தவளுக்கல்ல, அடுப்பு நெருப்பு அணையாமல் காத்தவளுக்கு.

நான்காவது ஆட்சேபணை: "இந்தப் பணத்தில் ஏழைகளுக்கு ஏதாவது செய்திருக்கலாமே" என்பது. பணக்காரனுக்குச் சிலை வைக்கும்போது இந்தக் கணக்குப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? கிளாஸ்கோவின் நடுச் சதுக்கத்தில் ராணியும் ராஜகுடும்பமும் மந்திரிகளும் வரிசையாக நின்ற காலத்தில் ஏழைகள் இல்லையா? தவிர, இந்தச் சிலை சர்க்கார் தானமாகக் கொடுத்துவிட்டதல்ல. இதற்கென்று ஒரு நினைவுச் சங்கம் ஏற்பட்டது. முன்னாள் பார்லிமெண்டு மெம்பர் மரியா பைப் அம்மையார் அதற்குத் தலைமை வகித்தார். அவர் 1987-ல் பார்லிமெண்டுக்குப் போனபோது, ஸ்காட்லாந்திலிருந்து போன தொழிற் கட்சி மெம்பர்கள் 50 பேரில் அவர் ஒருவரே பெண். தொழிற் சங்கங்களும் பொதுஜனங்களும் பணம் கொடுத்தார்கள். சிற்பிகள் செய்த சிறு மாதிரிகளை ஜனங்களுக்குக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். கடைசியில் ஆண்ட்ரூ பிரவுன் என்னும் சிற்பியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தங்கள் காசைத் தங்கள் பாட்டிக்குச் செலவழித்தார்கள். இதில் மற்றவனுக்கு என்ன நஷ்டம்?

தனியாக நிற்காத சிலை

இந்தச் சிலையில் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. முதலாளிகளும் தளபதிகளும் உயரமான பீடத்தின் மேல் தன்னந்தனியாக நிற்பார்கள். கப்பலையெல்லாம் பியர்ஸ் ஒருவரே ஆணி அடித்துக் கட்டியது போல! மேரி பார்பர் அப்படி நிற்கவில்லை. முன்னே அவர் நடந்து வருகிறார். அவருக்குப் பின்னால் ஜனக்கூட்டம் ஒன்று தொடர்ந்து வருகின்றது. கூட்டத்தை எடுத்துவிட்டால் சிலையே இல்லை. உண்மையும் அதுதான். மணி அடித்தவள் பெயர் நமக்குத் தெரியாது. மாவு வீசியவள் பெயர் தெரியாது. ஈரத் துணியோடு படியில் நின்றவளின் பெயரும் தெரியாது. அவர்களில்லாமல் ஒரு மேரி பார்பர் ஏது? தலைவர் என்பவர் கூட்டத்தின் முன் வரிசையில் இருப்பவரேயன்றி வானத்திலிருந்து இறங்கியவரல்ல என்பதை அந்த வெண்கலம் படிக்கத் தெரியாதவனுக்கும் சொல்லிவிடுகின்றது.

அந்த வருஷம் பிரிட்டனில் வேறு சில இடங்களிலும் கண் திறந்தது. லண்டன் பார்லிமெண்டு சதுக்கத்தில் அதுவரை பதினோரு சிலைகள், பதினொன்றும் ஆண்கள். 2018 ஏப்ரலில்தான் ஓட்டுரிமைக்குப் பாடுபட்ட மில்லிசென்ட் பாசெட் அம்மையாருக்குப் பன்னிரண்டாவது சிலை வந்தது. மான்செஸ்டரில் எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாருக்கு அதே வருஷம் டிசம்பரில். பெண்கள் சிலருக்கு ஓட்டு வந்து நூறு வருஷமானதும் பட்டணங்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது போலும்!

நமக்கு இதில் என்ன?

"சீமையில் யாருக்கோ சிலை வைத்தால் நமக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். 1915-ல் பிரிட்டனில் வந்த சட்டத்தின் பெயரில் "யுத்தகாலக் கட்டுப்பாடு" என்கின்ற சொற்கள் உண்டு. 1918-ல் பம்பாயில் வந்த வாடகைச் சட்டத்தின் பெயரிலும் அதே சொற்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1946-லும், பின் 1960-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ம் வருஷத்துச் சட்டம் வந்திருக்கின்றது. வாடகை என்பது வீட்டுக்காரனுடைய இஷ்டம் மாத்திரமல்ல, சர்க்கார் தலையிடவேண்டிய விஷயம் என்கின்ற எண்ணம் ஒரு காலத்தில் உலகத்தில் இல்லாமலிருந்து பின் வந்தது. வந்த வழியில் கோவன் படிக்கட்டும் ஒன்று.

வந்தது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாடு பல மாறுதல்களோடு எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தது. 1988-ம் வருஷத்துச் சட்டங்களால் புதிய குடித்தனங்களுக்கு எடுபட்டுப் போயிற்று. மேரி பார்பர் சிலையைத் திறந்த ஐந்து வருஷம் கழித்து, 2023 நவம்பரில், அதே கிளாஸ்கோ நகரசபை வீட்டு நெருக்கடி ஏற்பட்டிருப்பதாகப் பிரகடனம் செய்ய வேண்டி வந்தது. வீட்டுக்காக நின்றவளுக்கு ஊர் நடுவில் சிலை. அந்த ஊரில் ஜனங்களுக்கு வீடில்லை! சிலை வைத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சவுக்கடி வேறென்ன வேண்டும்?

ஆதலால்தான் சொல்லுகிறோம். சிலை என்பது கடனைத் தீர்த்த ரசீதல்ல. கடனை ஞாபகப்படுத்தும் நோட்டீசு. வருஷத்துக்கொரு நாள் மாலை போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் அந்தம்மாள் எதிர்த்ததையே செய்துகொண்டிருந்தால், அந்த மாலைக்கும் விக்கிரகத்துக்குப் போடும் மாலைக்கும் வித்தியாசம் கிடையாது. பெண்ணுக்குச் சிலை வைக்கிறேன் என்று வருகிற எந்தக் கட்சிக்காரனையும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவள் என்ன செய்தாள் என்று கல்லில் எழுதியிருக்கிறாயா? அவளோடு நின்றவர்களுக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறாயா? அவள் தொடங்கிய காரியத்தை உன் வீட்டுப் பெண் தொடர்ந்து செய்ய வந்தால் கதவைத் திறந்துவிடுவாயா? மூன்றுக்கும் ஆம் என்றால் சிலை வைக்கட்டும், நாமும் வருகிறோம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது சிலையல்ல, வாயடைக்க வைத்த கல்.

முதலாளிக்கு ஆறு வருஷத்தில் சிலை வைத்தது முதலாளியின் பணம். மேரி பார்பருக்கு அறுபது வருஷம் கழித்துச் சிலை வைத்தது ஜனங்களுடைய ஞாபகம். பணம் சீக்கிரம் வேலை செய்யும். ஞாபகம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த ஞாபகத்தை அறுபது வருஷம் காத்திருக்க வைக்காமல், உயிரோடிருக்கும் போதே உரிமைக்காக நிற்கிற பெண்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பதே நாம் செய்யத்தக்க மரியாதை. அவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வாடகை ரசீது கேட்டுச் சண்டை போடுகிறவள், கூலி குறைந்ததென்று கேட்கிறவள், பஞ்சாயத்தில் தன் நாற்காலியில் தானே உட்காருவேன் என்று சொல்லுகிறவள், இவர்களெல்லாம் யார்? இன்னும் சிலையாகாத மேரி பார்பர்கள்தானே! மணி அடிக்கும்போது படிக்கட்டுக்கு வந்துவிடுங்கள்.